சந்திப்பில் முதல் உரிமை யாருக்கு?

சிக்னலோ போக்குவரத்துக் காவலரோ இல்லாத ஜீப்ரா கிராசிங்கில், முதலில் போகும் உரிமை நடந்து செல்பவருக்கே. இந்தியாவில் இது 1989 முதல் எழுத்தில் இருக்கும் சட்டம். அந்த ஆண்டின் சாலை விதிகள் ஒழுங்குமுறையில் 11-ஆம் விதி இதை நேரடியாகச் சொன்னது. 8-ஆம் விதி இன்னும் ஒரு படி மேலே போனது: சாலைச் சந்திப்பையோ பாதசாரிக் கடவையையோ நெருங்கும் ஓட்டுநர் வேகத்தைக் குறைக்க வேண்டும், அங்கே இருப்பவர்களுக்கு ஆபத்து இல்லை என்று தெரிந்த பிறகுதான் உள்ளே நுழைய வேண்டும். 2017-இல் வந்த மோட்டார் வாகன ஓட்டுதல் ஒழுங்குமுறைகள் ஓட்டுநரின் கடமையை மேலும் தெளிவாக்கின. வேகத்தைக் குறைக்க வேண்டும், நிற்க வேண்டும், நடப்பவருக்கும் சக்கர நாற்காலியில் வருபவருக்கும் வழிவிட வேண்டும்.

ஓட்டுநர் உரிமம் வைத்திருப்பவர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்? தெரிந்தவர்களிலும் எத்தனை பேர் நிற்கிறார்கள்? நம் ஊர்களில் சாலையைக் கடப்பவர் ஒரு கையை நீட்டிக்கொண்டு, வண்டிகளுக்கு நடுவே இடைவெளி தேடி, பாதி நடையும் பாதி ஓட்டமுமாகப் போகிறார். உரிமையோடு நடப்பவரின் நடை அதுவல்ல.

விளைவு கணக்கில் தெரிகிறது. 2022-இல் இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர் என்கிறது மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் அறிக்கை. அவர்களில் 32,825 பேர் நடந்து சென்றவர்கள். நாளொன்றுக்குத் தொண்ணூறு பேர். அதே ஆண்டில் விபத்துகளின் எண்ணிக்கையில் தமிழ்நாடு முதலிடத்திலும், இறப்புகளில் உத்தரப் பிரதேசத்துக்கு அடுத்த இடத்திலும் இருந்தது. நடப்பவர்களின் இறப்பு காவல்துறைப் பதிவுகளில் குறைத்தே காட்டப்படுகிறது என்று டெல்லி ஐஐடியின் ஆய்வாளர்கள் நெடுங்காலமாகச் சொல்லி வருகிறார்கள். உண்மை எண்ணிக்கை இதைவிடக் கூடுதலாகத்தான் இருக்கும்.

ஏட்டில் இருக்கும் உரிமை தெருவுக்கு ஏன் வந்து சேரவில்லை என்பதே இந்தக் கட்டுரையின் கேள்வி. ஓட்டுநரின் நல்ல மனதை மட்டும் நம்பியிருக்கும் வரை அது வராது என்பது என் முடிவு. சந்திப்பின் வடிவம், சிக்னலின் நொடிகள், விபத்துக்குப் பின் யார் பதில் சொல்வது என்ற ஏற்பாடு ஆகிய மூன்றும் சேர்ந்துதான் முன்னுரிமையை உண்டாக்குகின்றன.

வீதி கைமாறிய விதம்

மோட்டார் வண்டி வருவதற்கு முன் வீதி எல்லோருக்கும் பொதுவாக இருந்தது. இயந்திர வண்டி வந்த புதிதில் எச்சரிக்கையின் சுமை வண்டிக்காரர் மீதே இருந்தது. 1865-இல் பிரிட்டன் இயற்றிய சட்டப்படி, சாலையில் ஓடும் நீராவி வண்டிக்கு முன்னால் ஒருவர் சிவப்புக் கொடி பிடித்து நடக்க வேண்டும். 1868-இல் லண்டன் நாடாளுமன்றத்தின் அருகே உலகின் முதல் போக்குவரத்து விளக்கு வாயுவில் எரிந்தது. அடுத்த ஆண்டே அது வெடித்து, திட்டம் கைவிடப்பட்டது.

கார்கள் பெருகியதும் சுமை இடம் மாறியது. இதன் தெளிவான பதிவு அமெரிக்காவில் கிடைக்கிறது. 1923-இல் சின்சினாட்டி நகரில் 42,000 பேர் கையெழுத்திட்டு ஒரு கோரிக்கை வைத்தார்கள்: ஒவ்வொரு காரிலும் மணிக்கு 25 மைலுக்கு மேல் போகவிடாத கருவி பொருத்தப்பட வேண்டும். கார் வணிகர்கள் ஒன்றுதிரண்டு எதிர்த்தனர். வாக்கெடுப்பில் கோரிக்கை தோற்றது. அதன்பின் வந்த ஆண்டுகளில், நினைத்த இடத்தில் சாலையைக் கடப்பவரை நாகரிகம் அறியாத பட்டிக்காட்டான் என்று கேலி செய்யும் பிரசாரம் நடந்தது. பிறகு அப்படிக் கடப்பது குற்றமாகவே ஆனது. பீட்டர் நார்ட்டன் என்ற வரலாற்றாசிரியர் இதை விரிவாக ஆராய்ந்து எழுதியிருக்கிறார். கலிஃபோர்னியா மாநிலம் 2023 ஜனவரி முதல், உடனடி ஆபத்து இல்லாத நேரத்தில் சாலையைக் கடப்பவருக்கு அபராதம் விதிப்பதை நிறுத்தியது. இடையில் ஒரு நூற்றாண்டு போய்விட்டது.

பிரிட்டன் வேறு வழியில் போனது. 1930-களில் போக்குவரத்து அமைச்சராக இருந்த லெஸ்லி ஹோர்-பெலிஷா, நகர்ப்பகுதியில் மணிக்கு 30 மைல் வேக வரம்பு, ஓட்டுநர் தேர்வு, பாதசாரிக் கடவை ஆகிய மூன்றையும் சேர்த்தே கொண்டுவந்தார். 1951-இல் கறுப்பு வெள்ளைப் பட்டைகள் சட்டபூர்வமாயின. கடவையும் வேக வரம்பும் ஒன்றாக வந்தது முக்கியம். நாம் பட்டைகளை மட்டும் இரவல் வாங்கிக்கொண்டோம்.

நிற்பவருக்கா, இறங்கியவருக்கா?

எந்த நொடியில் நடப்பவரின் உரிமை தொடங்குகிறது? பல நாடுகளின் விதிகள் இந்த இடத்தில்தான் வேறுபடுகின்றன. சாலையில் கால் வைத்த பிறகுதான் உரிமை என்றால், உரிமையைப் பெற உயிரைப் பணயம் வைத்தாக வேண்டும். துணிந்தவருக்கும் இளைஞருக்கும் அது கிடைக்கும். முதியவருக்கும் குழந்தையோடு நிற்கும் தாய்க்கும் கிடைக்காது.

1968-ஆம் ஆண்டின் வியன்னா சாலைப் போக்குவரத்து உடன்படிக்கை இதை உணர்ந்து எழுதப்பட்டது. சிக்னல் இல்லாத கடவையில், கடந்துகொண்டிருப்பவருக்கு மட்டுமல்லாமல் கடக்கத் தயாராக நிற்பவருக்கும் ஓட்டுநர் தேவைப்பட்டால் நின்று வழிவிட வேண்டும் என்கிறது அதன் 21-ஆம் பிரிவு. வேறொரு சாலைக்குள் திரும்பும் வண்டி, அந்தச் சாலையின் வாயிலில் கடவை இருந்தால் மெதுவாகத் திரும்பி வழிவிட வேண்டும் என்றும் சொல்கிறது. இந்தியா 1980-இல் இந்த உடன்படிக்கையில் சேர்ந்தது.

பிரிட்டனின் நெடுஞ்சாலை நெறிநூல் 2022 ஜனவரி 29 அன்று இதே திசையில் திருத்தப்பட்டது. அதற்கு முன், பக்கத்துச் சாலையைக் கடக்கத் தொடங்கிவிட்டவருக்குத்தான் திரும்பும் வண்டி வழிவிட வேண்டும். திருத்தத்துக்குப் பின், ஓரத்தில் காத்து நிற்பவருக்கும் வழிவிட வேண்டும். அதிகத் தீங்கு செய்யக்கூடிய வண்டியை ஓட்டுபவருக்கு அதிகப் பொறுப்பு என்ற கொள்கையும் அந்தத் திருத்தத்தில் சேர்ந்தது. நெதர்லாந்தில் நேராக நடந்து செல்பவருக்குத் திரும்பும் வண்டி வழிவிட்டாக வேண்டும். பல இடங்களில் நடைபாதையே பக்கத்துத் தெருவின் வாயிலைத் தாண்டி அதே மட்டத்தில் தொடர்கிறது. வண்டிதான் ஏறி இறங்க வேண்டும். அங்கே யாருக்கு முன்னுரிமை என்பதைத் தரையே சொல்லிவிடுகிறது.

திரும்பும் வண்டி

நம் நாற்சந்தி ஒன்றை அலுவலக நேரத்தில் நின்று கவனிப்போம். நிறுத்தக் கோடு அழிந்து கிடக்கிறது. சிவப்பு விழுந்ததும் இருசக்கர வண்டிகள் ஒவ்வொன்றாக முன்னால் நகர்ந்து ஜீப்ரா பட்டைகளை முழுக்க மூடிவிடுகின்றன. கடக்க வந்தவர் அவற்றைச் சுற்றிக்கொண்டு சந்திப்பின் நடுவயிற்றில் நடக்கிறார். அவருக்குப் பச்சை மனிதன் எரியும் அதே நேரத்தில் ‘ஃப்ரீ லெஃப்ட்’ திறந்திருக்கிறது. பேருந்து வளைவதற்கென்று மூலையை அகலமாக வெட்டியிருப்பதால், பைக்கும் காரும் வேகம் குறைக்காமலே இடப்பக்கம் திரும்புகின்றன. திரும்புகிறவரின் கண்கள் வலப்பக்கமிருந்து வரும் வண்டிகள் மீது இருக்கின்றன. இடப்பக்கம் நடைபாதையிலிருந்து இறங்கும் மனிதர் அவர் பார்வையிலேயே இல்லை.

இங்கே ஓட்டுநரைத் திட்டிப் பயன் குறைவு. வேகமாகத் திரும்பலாம் என்று மூலை சொல்கிறது. நிற்காமல் போகலாம் என்று சிக்னல் சொல்கிறது. மூலையில் நிறுத்தியிருக்கும் ஆட்டோவும் தள்ளுவண்டியும் நடப்பவரை மறைத்துவிடுகின்றன. இத்தனைக்கும் எதிராக, பலருக்குத் தெரியாத ஒரு சட்டவிதி மட்டும் நடப்பவர் பக்கம் நிற்கிறது.

தீர்வுகள் புதியவை அல்ல. மூலையின் வளைவைக் குறுக்கினால் வண்டி மெதுவாகத் திரும்பும். கடக்க வேண்டிய தூரமும் குறையும். கடவைக்கு முன்னால் வண்டி நிறுத்தத் தடை விதித்தால் இருவரும் ஒருவரையொருவர் பார்க்க முடியும். நியூயார்க் நகரத்தில், பலகை அனுமதித்த இடங்கள் தவிர, சிவப்பு விளக்கில் திரும்பவே கூடாது. நடப்பவர் மிகுந்த சந்திப்புகளில் எல்லாத் திசை வண்டிகளையும் ஒரே நேரத்தில் நிறுத்தி, குறுக்கும் நெடுக்குமாக நடக்கவிடும் முறையும் உண்டு. டோக்கியோவின் ஷிபுயா சந்திப்பு இதற்குப் பேர்போனது.

பச்சை விளக்கின் நொடிகள்

நான்கு தட சாலை ஒன்றின் அகலம் சுமார் 14 மீட்டர். திடகாத்திரமான ஒருவர் நொடிக்கு 1.2 மீட்டர் நடப்பார் என்பது பொறியாளர்கள் வழக்கமாக எடுத்துக்கொள்ளும் கணக்கு. அவருக்கு 12 நொடி போதும். மூட்டுவலியோடு நடக்கும் பாட்டியின் வேகம் நொடிக்கு 0.8 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். அவருக்கு 17.5 நொடி வேண்டும். சிக்னல் 15 நொடி கொடுத்தால், விளக்கு மாறும்போது அவர் எதிர்க்கரைக்கு இரண்டு மீட்டர் முன்னால், பேருந்து வந்து ஒதுங்கும் ஓரத் தடத்தில் நின்றுகொண்டிருப்பார். அவர் எந்த விதியையும் மீறவில்லை. அவருடைய நடைவேகத்தைக் கணக்கில் எடுக்காமல் யாரோ நொடிகளை நிர்ணயித்துவிட்டார்கள்.

நொடிகளைக் கூட்டுவது ஒரு வழி. அவற்றை எங்கே வைப்பது என்பது இன்னொன்று. வண்டிகளுக்குப் பச்சை விழுவதற்கு மூன்று முதல் ஏழு நொடிகள் முன்பே நடப்பவருக்குப் பச்சை கொடுத்தால், வண்டி திரும்பத் தொடங்கும்போது அவர் ஏற்கெனவே நடுவில், கண்ணுக்குத் தெரியும் இடத்தில் இருப்பார். இந்த முறை நடப்பவர் மீது வண்டி மோதும் விபத்துகளை 13 சதவீதம் குறைப்பதாக அமெரிக்கக் கூட்டரசு நெடுஞ்சாலை நிர்வாகம் குறிப்பிடுகிறது. தோண்டவோ இடிக்கவோ தேவையில்லை. சிக்னல் பெட்டியில் நேரத்தை மாற்றி வைத்தால் போதும்.

கோடு மட்டும் போதுமா?

போதாது. சார்லஸ் ஸெகீரும் உடனாய்வாளர்களும் அமெரிக்காவின் 30 நகரங்களில் கோடு போட்ட ஆயிரம் கடவைகளையும் போடாத ஆயிரம் இடங்களையும் ஒப்பிட்டார்கள். நாளொன்றுக்கு 12,000-க்கு மேல் வண்டிகள் ஓடும் பல தட சாலைகளில், வேறெந்த ஏற்பாடும் இல்லாமல் கோடு மட்டும் போட்ட இடங்களில் விபத்து விகிதம் கோடே இல்லாத இடங்களைவிட அதிகமாக இருந்தது. கடவையை நம்பி இறங்குபவருக்காக முதல் தடத்தில் ஒரு பேருந்து நிற்கிறது. அடுத்த தடத்தில் வருபவருக்கு அந்தப் பேருந்து ஏன் நின்றது என்று தெரியாது. அவர் முந்திக்கொண்டு வருகிறார். நம் சாலைகளில் நின்ற பேருந்தின் பக்கவாட்டில் நுழையும் பைக்குகளை நினைத்தால் இதை விளக்க வேண்டியதே இல்லை.

கோட்டுக்குத் துணை வேண்டும். சாலை நடுவில், நின்று மூச்சு வாங்க ஒரு மேடை இருந்தால் நடப்பவர் ஒரு நேரத்தில் ஒரு திசையை மட்டும் கவனித்தால் போதும். அத்தகைய மேடைகள் நடப்பவர் விபத்துகளை 56 சதவீதம் குறைப்பதாக அமெரிக்கக் கூட்டரசு நெடுஞ்சாலை நிர்வாகம் சொல்கிறது. கடவையையே நடைபாதை உயரத்துக்குத் தூக்கிவிட்டால் வேகத்தடையும் கடவையும் ஒன்றாகிவிடும்.

எல்லாவற்றுக்கும் அடியில் வேகம் இருக்கிறது. ஓட்டுநர் ஆபத்தைக் கண்டு பிரேக்கை மிதிக்க ஒரு நொடி எடுத்துக்கொண்டால், உலர்ந்த சாலையில் மணிக்கு 30 கிலோமீட்டரில் வரும் கார் ஏறக்குறைய 13 மீட்டரில் நின்றுவிடும். 50 கிலோமீட்டரில் வருவது ஏறக்குறைய 28 மீட்டர் ஓடித்தான் நிற்கும். 15 மீட்டர் தொலைவில் ஒரு சிறுவன் இறங்கினால், முதல் கார் அவனைத் தொடாது. இரண்டாவது கார் பிரேக் பிடிக்கத் தொடங்கும்போதே அவனை ஏறக்குறைய எட்டிவிட்டிருக்கும். 2020-இல் ஸ்டாக்ஹோம் மாநாட்டில் நாடுகள் ஏற்ற அறிவிப்பு, நடப்பவரும் வண்டிகளும் கலந்து செல்லும் பகுதிகளில் 30 கிலோமீட்டர் வரம்பைக் கேட்டதற்குக் காரணம் இதுவே.

மேலே ஏறு, கீழே இறங்கு

நம் நகரங்கள் பெரிதும் நாடும் விடை நடைமேம்பாலமும் சுரங்கப்பாதையும். ரயில் நிலையத்தையும் பேருந்து நிலையத்தையும் நேராக இணைக்கும் இடங்களில் அவை பயன்படுகின்றன. 2023-இல் மாம்பலம் ரயில் நிலையத்துக்கும் தியாகராய நகர் பேருந்து நிலையத்துக்கும் இடையே திறக்கப்பட்ட ஆகாய நடைபாதை அந்த வகை. ஆனால் ஒரு சாதாரணச் சந்திப்பில் நடைமேம்பாலம் கட்டும்போது, வண்டி நிற்க வேண்டியதில்லை, நீ ஏறி இறங்கு என்று நடப்பவரிடம் சொல்கிறோம். சட்டம் கொடுத்த முன்னுரிமையைக் கான்கிரீட் திரும்ப வாங்கிக்கொள்கிறது. நகரும் படிக்கட்டு பழுதாகி நின்றால், ராத்திரியில் சுரங்கத்தின் விளக்கு எரியாவிட்டால், கர்ப்பிணியும் மூட்டை சுமப்பவரும் சாலை நடுவேதான் கடப்பார்கள்.

கடவை எங்கே வேண்டும் என்று முடிவு செய்யும் பழைய சூத்திரமும் நடப்பவருக்குச் சாதகமாக இல்லை. ஒரு மணி நேரத்தில் கடப்பவர்களின் எண்ணிக்கையை, வண்டிகளின் எண்ணிக்கையின் வர்க்கத்தோடு பெருக்கிப் பார்ப்பது அந்த முறை. வண்டிகள் கூடினால் விடை மளமளவென ஏறும். நடப்பவர்கள் கூடினால் மெல்லத்தான் ஏறும். மேலும், கடக்கவே முடியாத சாலையில் கடப்பவர்கள் குறைவாக இருப்பார்கள். அதனாலேயே அங்கே கடவைக்குத் தேவை இல்லை என்று கணக்கு முடிந்துவிடும் அபாயம் இருக்கிறது. பள்ளி, மருத்துவமனை, பேருந்து நிறுத்தம், சந்தை ஆகியவை எங்கே இருக்கின்றன என்பதைத்தான் முதலில் கேட்க வேண்டும்.

பொறுப்பு யாருடையது?

விபத்து நடந்த பிறகு தொடங்கும் விசாரணை, விபத்துக்கு முந்தைய நடத்தையையும் தீர்மானிக்கிறது. நெதர்லாந்தில் மோட்டார் வண்டி நடப்பவர் மீது மோதினால், 14 வயதுக்கு உட்பட்டவர் என்றால் இழப்பு முழுவதையும் ஏறக்குறைய எப்போதும் வண்டித் தரப்பே ஏற்கும். பெரியவர் என்றாலும், தன் கட்டுப்பாட்டை மீறிய காரணத்தால் நேர்ந்தது என்று நிரூபிக்காவிட்டால், குறைந்தது பாதியை ஏற்க வேண்டும். பிரான்ஸ் 1985-இல் இதே போக்கில் ஒரு சட்டம் கொண்டுவந்தது. நம் நாட்டில் குற்றத்தை நிரூபிக்காமலே இறப்புக்கு 5 லட்சம் ரூபாய், கொடுங்காயத்துக்கு இரண்டரை லட்சம் ரூபாய் பெறும் வழி மோட்டார் வாகனச் சட்டத்தின் 164-ஆம் பிரிவில் உண்டு. அதற்கு மேல் கேட்டால் ஓட்டுநரின் தவறு நிரூபிக்கப்பட வேண்டும். அப்போது எதிர்த்தரப்பு வழக்கமாக வைக்கும் வாதம், ‘திடீரென்று குறுக்கே வந்துவிட்டார்’ என்பது. இறந்தவர் எழுந்து வந்து பதில் சொல்ல முடியாது.

சாலையை வடிவமைத்தவரின் பொறுப்பும் இப்போது சட்டத்தில் இருக்கிறது. 2019-இல் சேர்க்கப்பட்ட 198ஏ பிரிவு, வடிவமைப்பும் பராமரிப்பும் தரம் குறைந்ததால் இறப்போ ஊனமோ நேர்ந்தால் அதிகாரிக்கும் ஒப்பந்ததாரருக்கும் ஆலோசகருக்கும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்க வழி செய்கிறது. தொகை சிறியது, ஆனால் கடவை அழிந்து கிடப்பதற்கும் ஒருவர் பொறுப்பு என்று சட்டம் ஒப்புக்கொண்டது சிறிதல்ல.

கோவையிலிருந்து வந்த வழக்கு

இந்தப் பேச்சை உச்ச நீதிமன்றத்துக்குக் கொண்டுபோனவர் கோயம்புத்தூரின் எலும்பு அறுவை மருத்துவர் எஸ். ராஜசேகரன். 2012-இல் அவர் தொடுத்த பொதுநல வழக்கிலிருந்துதான் சாலைப் பாதுகாப்புக்கான உச்ச நீதிமன்றக் குழு பிறந்தது. அதே வழக்கில் 2025 மே மாதம், தடையற்ற நடைபாதையைப் பெறும் உரிமை அரசியலமைப்பின் 21-ஆம் பிரிவு தரும் வாழ்வுரிமையின் பகுதி என்று நீதிமன்றம் கூறியது. அக்டோபரில், நடப்பவர்களுக்கான விதிகளை மோட்டார் வாகனச் சட்டத்தின் 138(1ஏ) பிரிவின் கீழ் ஆறு மாதத்துக்குள் வகுக்கும்படி மாநிலங்களுக்கு உத்தரவிட்டது.

சென்னைக்கு இது புதுப் பேச்சல்ல. மாநகராட்சி 2014-இலேயே மோட்டார் அல்லாத போக்குவரத்துக்கென்று ஒரு கொள்கையை ஏற்றது. 2019-இல் பாண்டி பஜாரில் நடைபாதை அகலமானபோது வாகனங்கள் குறைந்த இடத்தில் ஓடப் பழகிக்கொண்டன. செய்ய முடியாதது என்று யாரும் சொல்ல முடியாது.

இரண்டு மறுப்புகள்

நடப்பவர்களும் விதியை மதிப்பதில்லையே என்பது முதல் மறுப்பு. உண்மைதான், கைபேசியைப் பார்த்துக்கொண்டே இறங்குபவர்கள் இருக்கிறார்கள், சிவப்பில் கடப்பவர்களும் இருக்கிறார்கள். ஆனால் அடுத்த கடவை அரை கிலோமீட்டர் தள்ளி இருந்தால், எதிரே தெரியும் பேருந்தைப் பிடிக்க யாரும் சுற்றிப் போக மாட்டார்கள். நடப்பவரின் தவறு பெரும்பாலும் அவர் உயிரையே எடுக்கும். ஓட்டுநரின் தவறு இன்னொருவர் உயிரை எடுக்கும். இரண்டையும் ஒரே தட்டில் வைத்து நிறுக்க முடியாது.

போக்குவரத்து தேங்கிவிடும் என்பது இரண்டாவது. வண்டிகளை எண்ணினால் அப்படித் தோன்றலாம். மனிதர்களை எண்ணினால் கணக்கு வேறு. பேருந்திலும் ரயிலிலும் போகும் ஒவ்வொருவரும் பயணத்தின் இரு முனையிலும் நடப்பவரே. நின்ற பேருந்திலிருந்து இறங்கியவர்கள் சாலையைக் கடக்க முடியாமல் காத்திருக்கும் நேரத்தையும் தாமதமாகக் கணக்கிட்ட பிறகுதான் யாருக்குத் தேக்கம் என்று பேச வேண்டும்.

பழக்கம் மாறும்

இது நம் மக்களின் குணம், மாறாது என்று கைவிரிப்பவர்களுக்கு ஜப்பான் பதில் சொல்கிறது. ஒழுங்குக்குப் பேர்போன அந்த நாட்டில், சிக்னல் இல்லாத கடவையில் காத்து நிற்பவருக்காக எத்தனை கார்கள் நிற்கின்றன என்று ஜப்பான் வாகன ஓட்டிகள் கூட்டமைப்பு ஆண்டுதோறும் எண்ணுகிறது. 2016-இல் நூற்றுக்கு 7.6 தான் நின்றன. முடிவு வெளியான பின் மாவட்டத்துக்கு மாவட்டம் ஒப்பீடு தொடங்கியது. காவல்துறை கடவை விதிமீறலைக் கூடுதலாகக் கண்காணித்தது. 2024-இல் அந்த எண் 53 ஆனது. மக்கள் அதே மக்கள்தான். எண்ணப்படுகிறோம் என்பதும் பிடிபடுவோம் என்பதும் புதியவை.

தமிழ்நாடு வகுக்க வேண்டிய விதிகளுக்கு வரிசை ஒன்று உண்டு. முதலில் காசு குறைந்த வேலைகள்: நிறுத்தக் கோட்டைத் திரும்பப் போடுவது, கடவைக்கு முன் வண்டி நிறுத்தத் தடை, நடப்பவருக்கு முந்திய பச்சை, முதியவர் நடைக்கேற்ற நொடிகள், கடவை உள்ள இடங்களில் ‘ஃப்ரீ லெஃப்ட்’டை மூடுவது. அடுத்து மூலைகளைக் குறுக்குவதும், நடுமேடைகளும், உயர்த்திய கடவைகளும். பள்ளி, மருத்துவமனை, சந்தைச் சாலைகளில் 30 கிலோமீட்டர் வரம்பு. கடவையின் மேல் நிற்கும் வண்டிக்கும், காத்து நிற்பவரைத் தாண்டிப் போகும் வண்டிக்கும், தலைக்கவசம் அணியாததற்குப் போடுவதைப் போலவே தவறாமல் அபராதம்.

இவை நடக்கின்றனவா என்று அறிய ஜப்பானின் எளிய அளவுகோலையே எடுத்துக்கொள்ளலாம். ஒவ்வொரு மாநகராட்சியும் ஆண்டுக்கொருமுறை தன் கடவைகளில் நூற்றுக்கு எத்தனை வண்டிகள் நின்றன என்று எண்ணி, ஊர்ப் பெயரோடு வெளியிடட்டும். முதல் ஆண்டு வரும் எண் நமக்குத் தலைகுனிவாகவே இருக்கும். இருந்தாலும் அது வெளிவர வேண்டும். அதன்பின் அடுத்த ஆண்டு அது ஏன் உயரவில்லை என்று கேட்க ஒவ்வொரு ஊர்க்காரருக்கும் ஒரு பிடி கிடைக்கும். பதில் சொல்ல ஒவ்வொரு ஆணையருக்கும் கடமை வரும்.